மாத்திரையை விட்ட மூன்று நாள்

ஏற்காட்டில் மச்சினனின் காப்பிக் களத்தில் நான் சுருண்டு விழுந்த கதை எங்கள் சொந்தபந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். "மலைக்குப் போய் அளவு தெரியாமக் குடிச்சுட்டு விழுந்துட்டாராம்" என்பதுதான் ஊரில் ஓடும் கதை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் குரலைத் தாழ்த்தி, "இப்ப சுத்தமா விட்டாச்சுங்களா?" என்று கேட்கிறார். தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன். பந்தியில் வைத்து விளக்குகிற விஷயமில்லை அது. ஆனால் அன்றைக்கு என்னைச் சாய்த்தது நான் குடித்த குடி இல்லை, குடிப்பதற்காக நான் விட்ட மாத்திரை. இதைச் சொன்னால் குடிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்கிறார்கள். என் மனைவியும் முதலில் அப்படித்தான் சொன்னாள். என்னை மாதிரி மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டுக் குடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்சுவரைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தராசில் வெள்ளியை வைத்துவிட்டு முள்ளைப் பார்ப்பதற்குள் எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, ரத்தமும் சளியுமாக. மூலம் என்று நினைத்து நாலு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது. குடல் புண்ணுக்கு முதலில் கொடுத்த மெசலமைன் மாத்திரை மட்டும் போதவில்லை. ஆகஸ்ட் மாதம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள்.

அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். நாலாவது நாள் ரத்தம் நின்றது. ஏழாவது நாள் அயோத்தியாப்பட்டணம் வரை பைக்கில் போய் வந்தேன், வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று தேடாமல். 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். அதுவும் இந்த ஸ்டீராய்டு இனம்தான். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

மாத்திரை தன் கூலியையும் வாங்கிக்கொண்டது. முகம் பூரி மாதிரி உப்பியது. "நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தது, தட்டுவடை செட் நாலு பிளேட் சாப்பிட்டும் அடங்காத பசி. தூக்கம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து வடக்கே மலையில் தெரியும் ஒன்றிரண்டு வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் தோன்றும், ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருமே என்று.

"ட்ரிங்க்ஸ் உண்டா?"

நான் மொடாக்குடியன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குக் கூலி கொடுத்து முடித்ததும் ஒரு குவார்ட்டர். சில வாரம் கூட்டாளியோடு பாதிப் பாதி. இதுதான் இருபது வருஷப் பழக்கம். வீட்டில் மனைவிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்று மனைவிக்குத் தெரியும். ஆனால் பேச்சில் வராது.

முதல் நாள் கேஸ்ட்ரோ டாக்டர், அதாவது வயிறு, குடல் நோய் பார்க்கிறவர், சீட்டு எழுதிக்கொண்டே, "சிகரெட், ட்ரிங்க்ஸ் உண்டா?" என்று கேட்டார். எனக்கு இடப்பக்கம் அம்மா, பின்னால் மனைவி. "இல்லைங்க சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டில் ஏதோ ஒரு சின்னக் கோடு போட்டார். அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும் ஐந்து விநாடி இருக்கும். எனக்கு நடந்தது எல்லாம் அந்த ஐந்து விநாடியில் இருந்துதான் ஆரம்பிக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

டாக்டரிடம் கேட்கும் வழி அடைபட்டதால் மருந்துக்கடையில் கேட்டேன். கூட்டம் குறைகிற வரைக்கும் ஓரமாக நின்று, மாத்திரை அட்டையைக் காட்டி, "இதை சாப்பிட்டா சரக்கு சாப்பிடலாமா தம்பி?" என்றேன். "ரெண்டும் சேரக்கூடாதுண்ணா" என்றான். அவன் நினைத்தது என்னவோ, என் காதில் விழுந்தது வேறு. சேரக்கூடாது என்றால் ஒன்று இருக்கும்போது மற்றது இருக்கக்கூடாது. அப்படியானால் குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை விட்டால் போதும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக், எதுவானாலும் எங்கள் பக்கம் ஆண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "இன்னிக்கு சரக்கு இருக்குது, மாத்திரை போடல" என்று சொல்லும்போது குரலில் ஒரு பொறுப்பு இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நிம்மதி இருக்கும்.

அக்டோபரில் 10 மில்லிகிராமுக்கு இறக்கியபோது ரத்தம் திரும்ப வந்தது. மறுபடி 30-க்கு ஏற்றி, மெல்ல மெல்ல இறக்கி, டிசம்பர் கடைசியில் 15-இல் நின்றிருந்தேன். காலையில் பத்து ஒன்று, ஐந்து ஒன்று, சாப்பிட்ட உடனே. அரையாண்டுப் பரீட்சை லீவு. நாகலூர்ப் பக்கம் மச்சினன் ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பழம் பறிப்பு நடக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க மாமா என்று கூப்பிட்டான். போனை வைக்கும் முன்னால், "வெள்ளிக்கிழமையே மாத்திரையை நிறுத்திடுங்க. ரெண்டு நாள்ல உடம்பை விட்டு இறங்கிடும். அப்புறம் பயமில்ல" என்றான். என் மேல் உள்ள பாசத்தில் சொன்னான்.

களத்தில்

வெள்ளி காலை மாத்திரையைப் போடவில்லை. சனி காலையும் போடவில்லை. அன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் தலை கிறுகிறுத்தது. வளைவால் என்று நினைத்தேன். கை மூட்டு, தோள் எல்லாம் வலித்தது. குளிரால் என்று நினைத்தேன். நாலு மாதமாக என்னை விரட்டிய பசி காணாமல் போயிருந்தது. அதற்கும் சந்தோஷப்பட்டேன். ராத்திரி சில்வர் ஓக் விறகைப் போட்டு அனல் காய்ந்துகொண்டு இரண்டு லார்ஜ் குடித்தேன். அதற்கு மேல் இறங்கவில்லை. கோழி வறுத்திருந்தார்கள், ஒரு துண்டைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன். தங்கச்சி, அதாவது மச்சினன் மனைவி, "அண்ணன் ஒண்ணுமே சாப்பிடலையே" என்று இரண்டு தடவை சொன்னது நினைவிருக்கிறது.

ஞாயிறு காலை வாந்தி. பனி இறங்கி மரமே தெரியவில்லை. வாசலில் சிமென்ட் களம், முந்தின நாள் பறித்த பழத்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். பழுத்த காப்பிப் பழம் ஈரத்தில் கிடந்தால் ஒரு புளித்த இனிப்பு வாடை வரும், பலாப்பழமும் கள்ளும் கலந்தாற்போல. அந்த வாடைக்கு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது. திண்ணையிலிருந்து எழுந்தேன். கண் முன்னால் கறுப்பு இறங்கியது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பழத்தின் மேலேயே விழுந்தேன். கன்னத்துக்கு அடியில் பழம் நசுங்கிப் பிசுபிசுத்ததும், பறிக்க வந்த பெண்கள் கூடையோடு தள்ளி நின்றதும் தெரிந்தது. "ராத்திரிச் சரக்கு இன்னும் இறங்கல" என்று ஒரு ஆள் சொன்னதும் கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தார்கள். மோர் கொடுத்தார்கள், கக்கினேன். வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மச்சினன் போர்த்திவிட்டான். அவர்கள் செய்தது தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வாடையும் வாந்தியும் தள்ளாட்டமும் ஒன்றாக இருந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்.

மனைவிதான் பையைத் திறந்தாள். பத்து மில்லிகிராம் அட்டை. பத்து மாத்திரை கொண்ட அந்த அட்டையை முந்தின ஞாயிறு அவள்தான் பிரித்துக் கொடுத்திருந்தாள். எட்டு நாள், எட்டு மாத்திரை போயிருக்க வேண்டும், இரண்டு மீதி. அவள் விரலால் அழுத்தி அழுத்தி எண்ணினாள். ஐந்து இருந்தது. திரும்ப எண்ணினாள். "மூணு நாளா போடலையா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. முதல் நாள் டாக்டர் எங்களிடம் அழுத்திச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்: நானாகச் சொல்லாமல் இதை நிறுத்தாதீர்கள். நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

கீழே வரும் வழி எனக்கு நினைவில்லை. சேலத்தில் அவசரப் பிரிவில் இருந்தவர் என் அருகில் குனிந்ததும் நிமிர்ந்தார். "குடிச்சிருக்கார். ட்ரிப் போட்டுப் படுக்க வைங்க." அவ்வளவுதான். மனைவி அந்த அட்டையை அவர் மேஜைமேல் வைத்து, "சார், இவர் நாலு மாசமா ஸ்டீராய்டு சாப்பிடறார், மூணு நாளா நிறுத்திட்டார்" என்றாளாம். அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். பிரஷர் 70-க்கு 40. சர்க்கரை 52. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 100 மில்லிகிராம் நரம்பில் போட்டார்கள், கூடவே குளுக்கோஸும் சலைனும். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டேன். போதையில் விழுந்தவன் ஊசியில் அப்படி எழுவதில்லை.

அளவு என்றால் எவ்வளவு

பத்து நாள் கழித்து கேஸ்ட்ரோ டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார், பிறகு விளக்கினார்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பிரட்னிசோலோன் செய்வதும் அதன் வேலையைத்தான். விடிகாலையில் அதிகம். அதனால்தான் மாத்திரையையும் காலையில் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு உடம்பு சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். நாலு மாதமாக வெளியிலிருந்து அதற்கு மேல் வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் இரண்டு பக்கமும் வரவு இல்லை. ரத்த அழுத்தம் சரியும், சர்க்கரை சரியும். சாப்பிடாத வயிற்றில் மது போனால் ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்வதும் தடைபடும். "ரெண்டு கதவையும் நீங்களே சாத்திட்டீங்க" என்றார். பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அன்னிக்கு மாத்திரையையும் போட்டுக்கிட்டு, சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டு அந்த ரெண்டு லார்ஜைக் குடிச்சிருந்தா, வயிறு எரிஞ்சிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். குடல் நோய் கொஞ்சம் கிளம்பியிருந்தாலும் இருக்கும். இப்படி விழுந்திருக்க மாட்டீங்க."

அப்படியானால் சேர்த்துக் குடிக்கலாமா என்று கேட்டேன். பிரட்னிசோலோனுக்கும் மதுவுக்கும் நேரடியாக ஒன்றையொன்று விஷமாக்கும் உறவு இல்லை, ஆனால் இரண்டும் ஒரே இடங்களில்தான் கை வைக்கின்றன என்றார். இரைப்பை, அதுவும் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரை போடுகிறவர்களுக்கு. சர்க்கரை, பிரஷர், தூக்கம். நோய்த்தொற்றை எதிர்க்கும் சக்தி. எலும்பு. தொடை எலும்பின் மேலே இருக்கும் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகும் ஒரு நோய் உண்டு. அடிபடாமலே வருகிற அந்த நோய்க்கு முக்கியமான இரண்டு காரணங்கள் ஸ்டீராய்டும் மதுவும்தான். இதே அழற்சி நோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு, அந்த மருந்தும் மதுவும் இரண்டுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. "டோஸ் இறங்குற வரைக்கும் தொடாம இருக்கறது நல்லது. தொட்டே ஆவேன்னா ரொம்ப அளவா. எதுவானாலும் மாத்திரையை விடக்கூடாது."

அளவா என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளியில் நூறு மில்லிகிராம் குறைந்தால் கேள்வி கேட்கிற தொழில் எனக்கு. ஆனால் இருபது வருஷமாக அளவாகக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்த அளவை ஒரு தடவையும் நிறுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சுத்தச் சாராயம் 77 மில்லி. ஒரு மில்லி 0.789 கிராம். ஏறக்குறைய 61 கிராம். பிரிட்டனில் மருத்துவர்கள் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், ஒரு யூனிட் 8 கிராம், ஆக வாரம் முழுக்க 112 கிராம். இரண்டு குவார்ட்டரில் அந்த வாரம் தாண்டிவிடுகிறது. என் ஒரு சனிக்கிழமை ராத்திரி பாதி வாரத்துக்கும் மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் 41 கிராம். அதை நாங்கள் குடி என்றே சேர்ப்பதில்லை. மருத்துவர்கள் ஒரு அளவு என்று சொல்வது பெரும்பாலும் 10 கிராம், அதாவது 30 மில்லி, ஒரு ஸ்மால். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது.

மகளின் இருமல் மருந்து மூடியில் 15 மில்லிக்குக் கோடு இருக்கும். அதில் இரண்டு மூடி தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். டம்ளரின் அடியில் பொறித்திருந்த அப்பாவின் பெயர் நனைந்தது. சுண்டுவிரலை நிறுத்தினால் முதல் கோடு வரைக்கும்கூட வரவில்லை. அதைத்தான் உலகம் ஒரு அளவு என்கிறது. நாங்கள் அதில் ஆறு மடங்கை வைத்துக்கொண்டு அளவு என்கிறோம்.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. கொண்டுவந்த ராஜாஜி அதற்கு இருபது வருஷம் முன்னால் எங்கள் ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர். 2003-இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் மூலம் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. ஒரு காலம் தொடவே கூடாது என்றது, இன்னொரு காலம் கடையைத் திறந்து வைத்தது. இரண்டு காலத்திலும் வீட்டுக்குள் அதைப் பற்றி எண்களில் பேசியவர்கள் யாரும் இல்லை. அம்மா முன்னால் நான் எப்படி "வாரம் 180 மில்லி" என்று சொல்லியிருப்பேன்? சொல்லியிருந்தால் டாக்டர் அன்றைக்கே இரண்டு வரி அதிகம் பேசியிருப்பார். இது எனக்கு ஆறாத விஷயம். டாக்டர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கலாம். இல்லை என்று சொல்கிறவனுக்கும் சேர்த்து, "ஒருவேளை குடிச்சாலும் மாத்திரையை விட்டுடாதீங்க" என்று ஒரு வரி சொல்லலாம். பத்து விநாடி ஆகும்.

இப்போது ஸ்டீராய்டுக்குப் பதிலாக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாத்தியோபிரின் மாத்திரை வேலை செய்கிறது. பிரட்னிசோலோன் போன வருஷம் ஜூனில் முழுக்க இறங்கியது, மில்லிகிராம் மில்லிகிராமாக. சுரப்பி விழித்துக்கொண்டதா என்று காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இறங்கி முடியும் வரை பர்சில் ஒரு சீட்டு வைத்திருந்தேன், நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவன், மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் வேண்டும் என்று மனைவி தன் கையெழுத்தில் எழுதியது. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அத்தனை மாதமும் நான் குடிக்கவில்லை. இப்போது தீபாவளி, பொங்கல் என்றால் இரண்டு மூடி, சாப்பாட்டோடு.

போன டிசம்பரில் மறுபடி மலைக்குப் போனோம். களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நானும் சனிக்கிழமையில சுகர் மாத்திரை போடறதில்ல. மூணு வருஷமா" என்றான். உன் மாத்திரைக்கு என்ன விதி என்று எனக்குத் தெரியாது மாப்ள, ஒன்றுக்கொன்று வேறுபடும், உன் டாக்டரைத்தான் கேட்கணும் என்றேன். திங்கட்கிழமை கீழே கூட்டி வந்தேன். தங்கச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளே போனோம். டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "ட்ரிங்க்ஸ் உண்டா?" என்றார். மச்சினன் என்னைப் பார்த்தான். "உண்டுங்க சார். சனிக்கிழமை ஒரு குவார்ட்டர். அன்னிக்கு மாத்திரை போடறதில்ல." டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சீட்டில் 180 என்று எழுதினார்.